மோடம் முசியே பூட்டிய வீடு

மோடம் முசியேவின் கை படாத மோடம் புதுச்சேரியில் ஒன்று இருக்கிறதென்றால், அது இன்னும் கடையில் பெட்டிக்குள் இருக்கிறது என்று அர்த்தம். மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம்தான் மிகைப்படுத்துகிறேன்.

பெற்றோர் வைத்த பேர் அவருக்கும் ஒன்று உண்டு. அது அவருடைய ஆதார் அட்டைக்கு மட்டும்தான் தெரியும். எப்போதும் தேய்த்த முழுக்கை வெள்ளைச் சட்டை, மழை வெயில் எதுவானாலும் கையில் குடை, 'ஆமாம்' என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் 'வுய்'. இவ்வளவு போதாதா, எங்கள் ஊரில் ஒருவரை 'முசியே' ஆக்க, அதாவது பிரெஞ்சுக்காரர் பாஷையில் 'ஐயா' ஆக்க? மனிதர் பிரான்ஸைக் கண்ணால் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சை விடாமல் வைத்திருந்தார், அவ்வளவுதான். முசியே பட்டம் இப்படிச் சும்மா வந்தது. மோடம் பட்டத்தை அவர் உழைத்துச் சம்பாதித்தார்.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு கயிற்றுக்கடை. அதன் மாடியில் எங்கள் கம்பெனி. கம்பெனி என்றால் பயந்துவிடாதீர்கள். முதலாளியம்மா, முசியே, நான், ஒரு சீலிங் ஃபேன். கடைகளுக்கும் சங்கங்களுக்கும் வெப்சைட் செய்து, அதை நடத்தியும் கொடுப்போம். படம் ஏற்றுவது, தமிழில் அடிப்பது என் வேலை. காலை பத்து மணிக்கு மீன் வாசனை மாடியேறி வரும். அதுவரை வேலை நடக்கும். அதற்குப் பிறகும் நடக்கும், ஜன்னலைச் சாத்திக்கொண்டு.

கொஞ்சம் தொழில் விஷயம் சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், ஒரே பத்திதான். வெப்சைட் என்பது எங்கோ ஒரு சர்வரில் குடியிருக்கும். வாடகைக்குத்தான். அந்த இடம் சரிப்படவில்லை என்றால் வேறு சர்வருக்குக் குடிபோக வேண்டும். பேர் அதே பேர்தான், கதவு எண் மட்டும் மாறும். எந்தப் பேருக்கு எந்த எண் என்று ஒவ்வொரு இன்டர்நெட் கம்பெனியும் ஒரு நோட்டு வைத்திருக்கிறது. அந்த ஏற்பாட்டுக்கு டிஎன்எஸ் என்று பேர். சில கம்பெனிகள் நோட்டை உடனே திருத்தும். சில, நேற்று எழுதியதையே நாள் முழுக்க வாசித்துக்கொண்டிருக்கும். ஆகவே ஒரு வெப்சைட் குடிபோனால், ஓரிரு நாளைக்குப் பாதி ஊர் புது வீட்டுக்குப் போகும், பாதி ஊர் பழைய வீட்டு வாசலில் போய் நிற்கும்.

இதற்கு உலகம் முழுக்க ஒரே வைத்தியம்தான். "ரெண்டு நாள் பொறுங்க" என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டுப் போய்த் தூங்குவது. முசியேவுக்குத் தூக்கம் வராது.

ஒரு முறை ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் மாடியேறி வந்து சத்தம் போட்டார். "என் கடை வெப்சைட்டு எனக்கு வருது, என் மச்சானுக்கு வரல. என்னாய்யா வேலை பாக்குறீங்க?"

முசியே குடையை மடக்கி மேஜை மேல் வைத்தார். "உங்க தெரு பேரு இன்னா சார்?"

"எதுக்கு?"

"சொல்லுங்க. முனிசிபாலிட்டி போர்டுல ஒரு பேரு. பிரெஞ்சுல ஒரு பேரு. ஆட்டோக்காரருக்கு ஒரு பேரு. வெள்ளைக்காரன் கப்பலேறி எவ்ளோ வருஷம் ஆவுது? எங்க மாமா இன்னமும் பழைய பேர்லதான் லெட்டர் போடுறாரு, அதுவும் வந்து சேருது. ஒரு தெரு பேரு மாறவே இத்தினி வருஷம் ஆவுதுன்னா, உங்க மச்சானுக்கு ரெண்டு நாளு குடுக்கக் கூடாதா?"

ஜவுளிக்கடைக்காரர் கோபத்தை மறந்து, தன் தெருவின் மூன்று பேரையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டே இறங்கிப் போனார்.

வெப்சைட் குடிபோவதை முசியே நிஜமாகவே குடிபோவதாகத்தான் நடத்துவார். ராகுகாலம் எமகண்டம் பார்ப்பார். குறித்த நேரத்தில் மானிட்டருக்கு முன்னால் மின்சாரக் கெட்டிலில் பால் காய்ச்சுவார். ஒரு முறை அது பொங்கி என் கீபோர்டில் இறங்கிவிட்டது. "பால் பொங்குனா நல்ல சகுனம்மா" என்றார். நல்ல சகுனம்தான். அதற்குப் பிறகு ஒரு மாதம், ஸ்பேஸ் பாரைத் தட்டினால் மேலே வர அரை நாள் ஆனது.

அவருக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. குடிபோன பிறகும் இரண்டு நாளைக்குப் பழைய வீட்டில் விளக்கு எரிய வேண்டும். விலாசம் மாறியது தெரியாமல் வருகிறவர்கள் இருட்டைப் பார்த்துத் திரும்பக் கூடாது. அதனால் பழைய சர்வரை அணைக்க மாட்டார். இரண்டாவது சட்டம், பூட்டிய வீட்டுக்குள் யாரும் திரும்பிப் போகக் கூடாது. அவர் சித்தப்பா, வீடு மாறிய மறுநாள் மறந்துபோன தேங்காய்த் துருவியை எடுக்கப் போய், காலி வீட்டில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாராம். ஆகவே முசியே, பழைய சர்வரின் பாஸ்வேர்டை மாற்றுவார். கண்ணை மூடிக்கொண்டு பத்து விரலாலும் கீபோர்டில் மிருதங்கம் வாசிப்பார். என்ன அடித்தோம் என்று அவருக்கே தெரியாது. பிறகு மேஜையைத் தொட்டுக் கும்பிடுவார்.

இரண்டு சட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். உள்ளே விளக்கு எரியும், வெளியே பூட்டு தொங்கும், சாவி கடலில் கிடக்கும். நாங்கள் யோசிக்கவில்லை.

பாலும் பாஸ்வேர்டும் முடிந்ததும் சைக்கிளில் நகர்வலம் கிளம்புவார். வாடிக்கையாளர் வீடு ஒன்று விடாமல் ஏறி, மோடத்தை அணைத்து, பிரெஞ்சில் முப்பது வரை எண்ணி, மறுபடி போடுவார். இதனால் பத்தில் ஆறு பேருக்குச் சரியாகும். மீதி நாலு பேருக்குச் சரியான மாதிரி இருக்கும். கதிர்காமத்தில் ஒரு டாக்டர் வீட்டில் மகன் ஆன்லைனில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது நேராக உள்ளே போய் மோடத்தைப் பிடுங்கிவிட்டார். டாக்டர் ரொம்பப் பொறுமைசாலி, மாடியிலிருந்து செருப்பு ஒன்றைத்தான் எறிந்தார். இன்னொரு முறை, வாடிக்கையாளர் குடும்பம் கல்யாண மண்டபத்தில் இருக்கிறது என்று தெரிந்து அங்கேயே போய்விட்டார். மண்டபத்து மோடத்தை அணைத்துப் போட்டு, அப்படியே பந்தியில் உட்கார்ந்து, தாம்பூலப் பையோடு திரும்பி வந்தார். "மாப்ள வீட்டுக்காரங்க என்னைய பொண்ணு வீடுன்னு நெனச்சிக்கிட்டாங்க" என்று அதில் ஒரு பெருமை.

மார்க்கெட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவருக்கும் நாங்கள் வெப்சைட் போட்டுக் கொடுத்திருந்தோம். அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து, அவர் போனை அணைத்து வைத்துக்கொண்டு முசியே முப்பது எண்ணியதை நானே பார்த்திருக்கிறேன்.

"முசியே, நான் கடைய இந்த மூலையிலேருந்து அந்த மூலைக்கு மாத்துனா ஒரு கத்து கத்துவேன். மார்க்கெட்டு மொத்தமும் திரும்பிப் பாக்கும். உனக்கு இன்னா ரெண்டு நாளு?"

"வுய். உன் தொண்டை இன்டர்நெட்டுக்கு இல்லியே" என்றார் முசியே. அன்றைக்கு அவருக்கு இரண்டு வஞ்சிரம் துண்டு இனாமாகக் கிடைத்தது.

இப்படிப்பட்டவரோடு வேலை பார்த்துக்கொண்டு, அவரைப் பற்றி வீட்டில் போய்க் கதை சொல்லிச் சிரித்துக்கொண்டு, நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். சொல்தா விஷயத்தில் மாட்டிக்கொள்ளும் வரை.

எங்களிடம் இருந்த வெப்சைட்டுகளில் பெரியது ஓர் அறிவிப்புத் தளம். நம் ஊர்க் கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அதில் வரும். உள்ளூரில் படிப்பவர்களைவிட பிரான்ஸில் இருந்து படிக்கும் புதுச்சேரிக்காரர்கள்தான் அதிகம். சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், ஒரு நாள் காலை படியேறி வந்தார். அவரோடு ராணுவத்தில் இருந்த நண்பர் இறந்து ஒரு வருஷம். நினைவஞ்சலி போட வேண்டும். நண்பரின் தனிப்படம் இல்லை, இருவரும் தோளில் கைபோட்டு நிற்கும் படம்தான் இருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே மீசை, ஒரே தொப்பி. "என்னைய வெட்டிட்டு அவன மட்டும் போடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் வெட்டினேன். மாலை போட்டேன். இரண்டு பக்கமும் விளக்கு வைத்தேன். பதினோரு மணிக்குத் தளத்தில் ஏற்றினேன். அன்று அந்தத் தளம் குடிபோகும் நாள். பதினொன்றரைக்கு முசியே பால் காய்ச்சி, மிருதங்கம் வாசித்து, பழைய வீட்டைப் பூட்டினார்.

மறுநாள் காலை எட்டே முக்காலுக்குப் படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. சொல்தா வாசலில் நின்று போனை நீட்டினார். மாலையும் விளக்குமாக அதில் அவரே இருந்தார்.

"பொண்ணு, இது யாரு?"

நான் எழுந்து போனை எட்டிப் பார்த்தேன்.

"வருஷா வருஷம் ஆபீசுக்குப் போயி, நான் உசுரோட இருக்கேன்னு கையெழுத்து போட்டுக் குடுத்தாத்தான் எனக்குப் பென்ஷன். அப்படியாப்பட்ட ஆள நீ ஒரே கிளிக்குல சாவடிச்சிட்டியே!"

விழுந்தடித்துக்கொண்டு படத்தை மாற்றினேன். இரண்டே நிமிஷம். என் கம்ப்யூட்டரில் நண்பர் படம் சரியாக வந்துவிட்டது. திருப்பிக் காட்டினேன். சொல்தா தன் போனைத் திருப்பிக் காட்டினார். அதில் அவர் இன்னும் மாலையோடுதான் இருந்தார். என் மேஜையில் உயிரோடும் அவர் கையில் பிணமாகவும், அரை அடி தூரத்தில் இரண்டு சொல்தாக்கள்.

சத்தம் கேட்டு முசியே வந்து பார்த்தார். "நீங்க பழைய வீட்டுக்குப் போயிட்டீங்க முசியே" என்றார் சொல்தாவிடம்.

"நான் எங்கயும் போவல. நேரா இங்கதான் வர்றேன்."

"உங்க போனு போயிருக்குது."

"அப்ப அந்தப் பழைய வீட்டுல படத்த மாத்து."

முசியே தன் பத்து விரல்களையும் பார்த்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு அந்த இரண்டு சட்டங்களும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று கேட்டால் புதியது அனுப்புவார்களே என்று கேட்டுப் பார்த்தோம். அனுப்பினார்கள். எங்கள் மெயிலுக்குத்தான் அனுப்பினார்கள். அந்த மெயிலும் அதே வீட்டோடு குடிபோய்க்கொண்டிருந்ததால், புதுச் சாவி பூட்டிய வீட்டுக்குள்ளேயே போய் விழுந்தது. பழைய சர்வர் கம்பெனிக்குப் புகார் எழுதினோம். ஒரு நாளைக்குள் பதில் தருவதாக ஓர் இயந்திரம் நன்றி சொன்னது.

முதலாளியம்மா அன்று சென்னைக்குப் போயிருந்தார். அது ஒன்றுதான் நல்லது.

முசியே நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். "நேத்து பதினொன்றரைக்கு மாத்தினோம். இந்த சைட்டுக்கு நோட்டுல ஒரு நாள் கெடு வெச்சிருக்கேன். இன்னிக்கு பதினொன்றரைக்கு ஊரு ஒலகத்துல இருக்கிற அத்தினி நோட்டும் பழச அழிச்சிடும். ரெண்டே முக்கா மணி நேரம். ஒரு டீ குடிச்சா ஓடிடும்."

சொல்தா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது.

"எங்க அக்கா பாத்துடுவா."

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அவருக்கு அக்கா ஒருவர், பிரான்ஸில் தனியாக இருக்கிறார். எண்பது தாண்டியவர். இருதயத்தில் கோளாறு, ஏற்கெனவே இரண்டு முறை ஆஸ்பத்திரி. தினமும் காலையில் எழுந்து காபியோடு உட்கார்ந்து முதலில் பார்ப்பது எங்கள் தளத்தைத்தான். எழுத்து தெரியாது, கண் மங்கல். படத்தை மட்டும் பார்ப்பார்.

"பேரு எவன் பேரா இருந்தாலும் அவ படிக்க மாட்டா. என் மூஞ்சியும் மாலையும் பாத்தா போதும். அங்கயே போயிடுவா."

அது கோடைக்காலம். அங்கே கடிகாரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். அக்கா காபி குடிக்கும் ஆறரை மணி நமக்குப் பத்து. பத்துக்கும் பதினொன்றரைக்கும் நடுவில் ஒன்றரை மணி நேரம். நேற்று அவர் காபி முடிந்த பிறகுதான் நான் படத்தை ஏற்றியிருந்தேன். இன்று தப்பிக்க வழியில்லை. ஒரு கிழவி என்னால் சாகப் போகிறாள் என்று நிஜமாகவே நினைத்தேன்.

"நீங்களே போன் பண்ணிப் பேசிடுங்களேன் ஐயா. உங்க குரலைக் கேட்டா அப்புறம் படத்தப் பாத்தாலும் பயப்பட மாட்டாங்க இல்ல?" என்றேன்.

"நான் பேச மாட்டேன்."

"ஏன்?"

"ஆறு வருஷமா பேச்சு கெடையாது. அவதான் மொதல்ல பேசணும்."

"அவங்க செத்துடுவாங்கன்னு நீங்களேதான சொல்றீங்க!"

"அதுக்குன்னு நான் பேசிட முடியுமா?"

"அப்ப நாங்க போன் பண்ணி, உங்க தம்பி உசுரோடதான் இருக்காருன்னு சொல்லிடறோம்."

முசியே குறுக்கிட்டார். "ஏம்மா, காலங்காத்தால எவனோ ஒருத்தன் போன் பண்ணி, உன் தம்பி உசுரோட இருக்கான்னு சொன்னா எந்த அக்கா நம்புவா?"

அது சரிதான். சைட்டைப் பார்க்காதே என்று சொல்லலாமா என்றால், "பாக்காதன்னா அதத்தான் மொதல்ல பாப்பா" என்றார் சொல்தா.

முசியே குடையைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார். "உங்க அக்கா சைட்ட எதுல பாப்பாங்க?"

"போன்லதான். கம்ப்யூட்டர் கெடையாது."

"காது?"

"மந்தம். போனைக் காதுல அமுக்கி வெச்சிக்கிட்டுதான் பேசுவா."

"வுய்" என்றார் முசியே. அவர் முகத்தில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த களை வந்தது. "காதுல இருக்கிற போனைக் கண்ணால பாக்க முடியாது. நம்பர சொல்லுங்க."

ஆறு வருஷமாகக் கூப்பிடாத நம்பரை, சொல்தா எதையும் பார்க்காமல் ஒரே மூச்சில் சொன்னார்.

பத்து அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது முசியே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்தார். மூச்சு விடக் கூடாது என்று சொல்தாவுக்குச் சைகை காட்டினார்.

"போன்ழூர் மதாம்! புதுச்சேரியிலேருந்து பேசுறேன்!"

"யாரு? இன்னா?"

"வெப்சைட் கம்பெனி! வாசகர் கருத்து கேக்குறோம்! எங்க சைட்ல உங்களுக்கு இன்னா புடிக்கும்?"

"செத்தவங்க படம்" என்றார் அக்கா, யோசிக்காமல்.

கீழே வேலையை நிறுத்திவிட்டதாகக் கயிற்றுக்கடைக்காரர் பிறகு சொன்னார். முசியே போட்ட சத்தம் மார்க்கெட்டுக்கே கேட்டிருக்கும். அவர் கருத்துக் கேட்டார், அக்கா கருத்துச் சொன்னார். படங்கள் சின்னதாக இருக்கின்றன. எண்பது வயசில் செத்தவர்களுக்கு இருபது வயசுப் படம் போட்டால் எப்படி அடையாளம் தெரியும்? மாலை எல்லாருக்கும் ஒரே மாலையாக இருக்கிறது, ஏழை பணக்காரன் தெரியவில்லை. அந்தக் கடைசிக் குறை எனக்கு, மாலை போடுவது நான்தானே.

பத்தரைக்குக் கருத்து தீர்ந்துவிட்டது. "சரிப்பா, வெக்கிறேன். காபி ஆறிப்போச்சி. நான் சைட்டு பாக்கணும்" என்றார் அக்கா.

நான் பேனாவை எடுத்தேன். ஒரு காகிதத்தில் 'மழை' என்று எழுதி நீட்டினேன். முசியே மழை பற்றிப் பேசினார். 'மீன் விலை' என்று எழுதினேன். கடற்கரையில் இறங்கி மீன் விலைக்குப் போனார். தன் சித்தப்பாவின் தேங்காய்த் துருவிக் கதையைக் கால்வாசி பிரெஞ்சில் சொன்னார். சொல்தா நெஞ்சில் கை வைத்து, கண்ணை மூடி, போனிலிருந்து வரும் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா சிரித்தபோது அவர் உதடும் கோணியது. பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருந்தேன்.

பதினொன்று பத்துக்கு எனக்கும் எழுத ஒன்றும் தோன்றவில்லை. 'சமையல்' என்று கிறுக்கினேன்.

"மதாம்! நம்ம ஊரு கல்யாணச் சாப்பாடு ஞாபகம் இருக்குதா?"

"ஞாபகமா? அதனாலதான்யா என் குடும்பமே கெட்டுச்சி. என் தம்பி மவன் கல்யாணத்துக்கு அங்க வந்தேன். சாம்பார்ல உப்பே இல்ல. உப்பு இல்லன்னு சொன்னேன். நாலு பேரு முன்னால சொல்லிட்டேனாம். அன்னிக்கு மூஞ்சத் திருப்புனவன், ஆறு வருஷமா பேசல. நீயே சொல்லு, உப்பு இல்லாத சாம்பார உப்பு இல்லன்னு சொல்லக் கூடாதா?"

"உப்பு இருந்துச்சி!" என்றார் சொல்தா.

முசியே சொல்தாவைப் பார்த்தார். சொல்தா வாயைப் பொத்திக்கொண்டார்.

"யாரு அது?" என்றார் அக்கா.

"அது கிராஸ்டாக் மதாம். வேற எவனோ லைன்ல வந்துட்டான்."

"எனக்குக் காதுதான் மந்தம், மூளை இல்ல. என் தம்பி கொரலு எனக்குத் தெரியாதா? டேய், நீயா? உப்பு இல்லடா!"

சொல்தா மேஜையிலிருந்து போனைத் தூக்கினார். "இருந்துச்சிக்கா! நானே ருசி பாத்தேன்!"

"உன் நாக்கு பட்டாளத்துல சோறு தின்ன நாக்கு. அதுக்கு இன்னாடா தெரியும்?"

"மூணு பந்தி சாப்ட்டாங்க. ஒருத்தன் சொல்லல. நீ மட்டும் சொன்ன."

"மத்தவன்லாம் வெளியாளு. நான் உன் அக்கா. நான்தாண்டா சொல்லணும்."

சொல்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, கொஞ்சம் கம்மியாத்தான் இருந்துச்சி" என்றார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. சாம்பாருக்காக அழுதது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

அதற்குப் பிறகு கடிகாரத்தை யாரும் பார்க்கவில்லை. பதினொன்றரை தாண்டிப் பன்னிரண்டும் அடித்தது. சாம்பாரிலிருந்து கிளம்பிய சண்டை அவர்களுடைய சின்ன வயசு வரை போய்த் திரும்பியது. போனை வைத்த கையோடு சைட்டைத் திறந்து பார்த்துவிட்டு அக்கா மறுபடி கூப்பிட்டார். நாங்கள் மூன்று பேரும் போனைச் சுற்றிக் குனிந்தோம்.

"டேய், உன் கூட்டாளி படம் போட்டுருக்காங்க. நல்லாத்தான் இருக்குது. ஆனா பக்கத்துல உன்னைய வெட்டிட்டாங்களேடா, படுபாவிங்க!"

முசியே அன்று சாயங்காலம் வரை வாய் திறக்கவில்லை. தொண்டை போய்விட்டது. கெட்டிலில் வெந்நீர் போட்டுக் கொடுத்தேன். முதலாளியம்மா திரும்பி வந்து, "என்ன, இன்னிக்கு எல்லாம் ஒழுங்கா நடந்துச்சா?" என்று கேட்டபோது, என் தப்பு பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுதிக் காட்டினார்: 'வாசகர் கருத்து கேட்டோம்.'

இனிமேல் பாஸ்வேர்டை எழுதி வையுங்கள் என்று எத்தனையோ முறை கெஞ்சினேன். "எழுதி வெச்சிருந்தா அன்னிக்கே ரெண்டு நிமிஷத்துல படத்த மாத்தியிருப்போம். அவங்க ரெண்டு பேரும் இன்னமும் பேசாம இருந்திருப்பாங்க" என்றார்.

அடுத்த வருஷம் முசியே வேலையை விட்டார். டவுனில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டு அரியாங்குப்பத்துக்குக் குடிபோனார். ஒரு வாரத்துக்கு முன்பே எங்கள் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் புது விலாசம், வரைபடம், வாசல் கதவின் படம் எல்லாம் அனுப்பியாகிவிட்டது. சாமான் ஏற்றிய அன்று நானும் போய்ப் பாத்திரப் பெட்டி தூக்கினேன். புது வீட்டில் பால் பொங்கி அடுப்பை அணைத்ததையும் பார்த்தேன்.

மறுநாள் காலை அவருடைய மனைவி எனக்குப் போன் செய்தார். "மனுசன் விடியக்காலம் சைக்கிள எடுத்துக்கிட்டு பழைய வீட்டுக்குப் போயிட்டாரும்மா. ரெண்டு நாளு அங்க உக்காரணுமாம். தெரியாம யாராச்சும் வந்துட்டா வழி சொல்லணுமாம். எல்லாருக்கும்தான் தெரியுமே, யாரு வரப்போறாங்க?"

அன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு டவுனுக்குப் போனேன். பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. தேய்த்த வெள்ளைச் சட்டை, விரித்த குடை, மடியில் நோட்டு. அவருக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியில் சொல்தா உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நேற்று லாரிக்குப் பின்னால் ஸ்கூட்டரில் அரியாங்குப்பம் வரை வந்தவர். என்னைப் பார்த்து, காட்டிக்கொடுத்துவிடாதே என்பது போல் தலையை ஆட்டினார்.

நான் வாசலில் போய் நின்றேன். "முசியே வீடு இதுதானுங்களா?"

முசியே எழுந்து நின்றார். நோட்டில் ஒரு கோடு போட்டார். அது இரண்டாவது கோடு.

"வீடு மாறிட்டாரும்மா. நல்லா கேட்டுக்கோ" என்று ஆரம்பித்து, ஆற்றுப்பாலம் தாண்டி, இடது பக்கம் திரும்பி, மருந்துக்கடை, பம்ப்செட், பச்சை கேட் வரை ஒன்று விடாமல் சொன்னார். பாத்திரப் பெட்டி தூக்கியதில் எனக்குத் தோள்பட்டை இன்னும் வலித்துக்கொண்டிருந்தது.

பச்சை கேட் வந்ததும், "பாலத்துக்கு அப்புறம் எந்தப் பக்கம் சொன்னீங்க, முசியே?" என்று முதலிலிருந்து கேட்டேன்.